மாலுமிகளுக்கும் மேலிடத்துக்கும் நடுவே

(மேட்டூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு போர்க்கப்பலின் தலைவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? மேலேயிருந்து கட்டளை அனுப்புகிறவர்களுக்கா, தன்னை நம்பிக் கப்பலேறிய மாலுமிகளுக்கா? இதுதான் இன்றைய பொருள். கடல் இல்லாத சேலம் மாவட்டத்தில் இதைப் பேசுவானேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த ஊர் அணையாலும் அனல்மின் நிலையத்தாலும் ரசாயன ஆலைகளாலும் வளர்ந்த ஊர். மேலதிகாரி சொன்னதைச் செய்வதா, கூட நிற்கும் தொழிலாளியின் உயிரைப் பார்ப்பதா என்ற கேள்வி என்றாவது ஒரு ஷிப்டில் இங்குள்ள எல்லாருக்கும் வரும். நம் பகுதிப் பிள்ளைகள் முப்படைகளிலும் வேலை பார்க்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுக் கேள்வியும்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைக்குப் பணிவதும் மாலுமிகளைக் காப்பதும் ஒரே கடமையின் இரண்டு பக்கங்கள். கப்பலின் உண்மை நிலையைக் காலம் தாழ்த்தாமல், குறைக்காமல் மேலே சொல்வது அவ்விரண்டையும் கட்டி வைத்திருக்கிறது. அது அறுந்தால் கட்டளையும் பாழ், மாலுமியும் பாழ். இதைச் சில நிகழ்ச்சிகளை வைத்துச் சொல்கிறேன்.

குவாம் தீவில் ஒரு கடிதம்

2020 மார்ச் மாதம். அமெரிக்காவின் விமானந்தாங்கிப் போர்க்கப்பல் தியோடர் ரூஸ்வெல்ட் வியட்நாமின் டா நாங் துறைமுகத்துக்குப் போய்விட்டுக் கடலுக்குத் திரும்பியிருந்தது. கப்பலில் ஏறத்தாழ 4,800 பேர். மார்ச் 24 அன்று முதல் கொரோனா நோயாளிகள் தெரிய வந்தார்கள். அடுக்கடுக்கான படுக்கைகளில் பலர் ஒரே அறையில் தூங்கி, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, ஒருவர் மட்டுமே நுழையும் வழிகளில் நாளெல்லாம் நடக்கிற இடம் போர்க்கப்பல். அங்கே இடைவெளி விட்டு நிற்பதற்கு வழியே கிடையாது.

கப்பல் குவாம் தீவில் நின்றது. தலைவர் கேப்டன் பிரெட் க்ரோஸியர் மார்ச் 30 அன்று நான்கு பக்கக் கடிதம் எழுதினார். பெரும்பாலோரை உடனே கரையில் இறக்கித் தனித்தனியாகத் தங்க வைக்க வேண்டும், இது போர்க்காலம் இல்லை, மாலுமிகள் சாக வேண்டிய தேவை இல்லை என்பது அதன் சாரம். ரகசியக் காப்பு இல்லாத மின்னஞ்சலில், மேலதிகாரிகளுக்கும் உடன் அதிகாரிகள் சிலருக்குமாக அதை அனுப்பினார். மறுநாளே சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் கடிதம் வெளியாகிவிட்டது. ஏப்ரல் 2 அன்று, கடற்படைத் துறையின் பொறுப்புச் செயலராக இருந்த தாமஸ் மோட்லி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். க்ரோஸியர் கப்பலைவிட்டு இறங்கி நடந்தபோது மாலுமிகள் திரண்டு நின்று அவர் பெயரை முழங்கினார்கள். நான்கு நாள் கழித்து மோட்லி குவாமுக்கே பறந்துபோய், அதே மாலுமிகளிடம் அவர்களுடைய தலைவரை இழித்துப் பேசினார். பேச்சு வெளியே வந்தது. ஏப்ரல் 7 அன்று மோட்லியே பதவி விலகினார்.

அந்தக் கப்பலில் 1,200 பேருக்கு மேல் நோய் பரவியது. ஒருவர் இறந்தார். க்ரோஸியருக்கும் நோய் வந்தது.

இந்தக் கதையை அவர் வீரர், மேலிடம் கொடியது என்று முடித்துவிடுவது எளிது. அது நியாயமான தீர்ப்பாகாது. ஏப்ரலில் நடந்த முதல் விசாரணைக்குப் பின், அவரை மீண்டும் அதே பதவியில் அமர்த்தலாம் என்று கடற்படைத் தலைவர் அட்மிரல் கில்டே பரிந்துரைத்தார். ஜூன் மாதம், விரிவான விசாரணைக்குப் பின் அவரே அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார். தன் கையில் இருந்த அதிகாரத்தைக் கொண்டு க்ரோஸியர் வேகமாகச் செயல்படவில்லை, தனிமைப்படுத்தியவர்களை முன்கூட்டியே விடுவித்ததால் நோய் மேலும் பரவியது என்று அறிக்கை குறை கண்டது. ஒரு பெரிய போர்க்கப்பல் முடங்கிக் கிடக்கிறது என்ற செய்தி எதிரிக்கும் போய்ச் சேர்ந்தது என்ற வாதமும் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. விசாரணை தொடங்கும் முன்பே, கடிதம் எழுதிய மூன்றாம் நாளே, அவரை நீக்கியதால் மற்றக் கப்பல் தலைவர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்? கெட்ட செய்தியைக் கொண்டுபோனால் பதவி போகும் என்பதைத்தான். ஒரு கடற்படைக்கு அந்தப் பாடத்தைவிட ஆபத்து வேறில்லை. எதிரிக்குத் தெரியாமல் போகிற நோயைவிட, தலைமைக்குத் தெரியாமல் போகிற நோய் அதிகமான கப்பல்களை முடக்கும்.

கேட்க நினைத்தும் கேட்காத கேள்வி

அங்கிருந்து 127 ஆண்டு பின்னால் போவோம். 1893 ஜூன் 22. இன்றைய லெபனான் நாட்டின் திரிப்போலி நகருக்கு அருகே பிரிட்டனின் மத்தியதரைக் கடற்படை பயிற்சி செய்துகொண்டிருந்தது. போர்க்கப்பல்கள் இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றன. ஒரு வரிசைக்கு முன்னால் விக்டோரியா. அதில் தலைமைத் தளபதி வைஸ் அட்மிரல் ஜார்ஜ் ட்ரையான். இன்னொரு வரிசைக்கு முன்னால் கேம்பர்டவுன். அதில் ரியர் அட்மிரல் மார்க்கம்.

இரு வரிசையும் உள்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்று ட்ரையான் கட்டளையிட்டார். வரிசைகளுக்கு இடையே அதற்குப் போதிய இடம் இல்லை. திரும்பினால் மோதும் என்று மார்க்கத்துக்குத் தெரிந்தது. தயங்கினார். தன் ஐயத்தைக் கொடிச் சைகையில் கேட்டுவிட நினைத்தார். அதற்குள், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எல்லார் கண்ணும் படும்படி தளபதியின் கப்பலிலிருந்து சைகை வந்துவிட்டது. பெரியவர் மனத்தில் ஏதோ திட்டம் இருக்கும் என்று மார்க்கம் தம்மைத் தேற்றிக்கொண்டு கப்பலைத் திருப்பினார். கேம்பர்டவுன் விக்டோரியாவின் பக்கத்தைக் கிழித்தது. பதினைந்து நிமிடத்துக்குள் விக்டோரியா கவிழ்ந்து மூழ்கியது. ட்ரையானையும் சேர்த்து 358 பேர் இறந்தார்கள்.

பிறகு நடந்த ராணுவ நீதிமன்ற விசாரணையின் முடிவை நம் நாட்டு அதிகாரிகளும் ஒருமுறை படிக்க வேண்டும். மார்க்கம் தம் ஐயத்தைத் தெரிவிக்க முதலில் எண்ணியதை நிறைவேற்றாமல் போனது மிகவும் வருந்தத்தக்கது என்று அது சொன்னது. அதே மூச்சில், எதிரே நின்ற தலைமைத் தளபதியின் கட்டளையைச் செய்ததற்காக அவர்மேல் குற்றம் சொல்வது படைக்கு நல்லதல்ல என்றும் சொன்னது. கேட்டிருக்க வேண்டும் என்றும், பணிந்தது தவறில்லை என்றும் ஒரே தீர்ப்பு சொல்கிறது. அந்த நீதிமன்றத்தால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை.

முடிச்சு அவிழ்கிற இடம் என் பார்வையில் இதுதான். கட்டளை வந்தபின் அதை மீறுவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முன்பே, ‘ஐயா, இடம் போதாது’ என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தைக் கேம்பர்டவுன் பயன்படுத்தவில்லை. மீறத் துணிவதைவிடச் சொல்லத் துணிவது சிறிய செயல்போலத் தெரியும். 358 உயிர் அந்தச் சிறிய செயலில் தொங்கியது.

இதை வள்ளுவர் அமைச்சு என்ற அதிகாரத்தில் கடமையாகவே வைத்தார். அரசன் தானும் அறியாதவனாய், சொல்பவரின் அறிவையும் தள்ளுகிறவனாய் இருந்தாலும், அவனுக்கு உறுதியானதை எடுத்துச் சொல்வது அருகில் இருப்பவனின் கடன் என்பது அவர் கருத்து. கேட்பதும் கேளாததும் அரசன் பாடு. சொல்லாமல் இருக்க அமைச்சனுக்கு உரிமை இல்லை. பெரியாரைத் துணைக்கொள்ளச் சொல்லும் அதிகாரத்தில் மறுபக்கத்தையும் சொல்லிவிட்டார்: இடித்துச் சொல்வார் இல்லாத அரசன், கெடுக்கப் பகைவர் எவரும் இல்லாமலே கெடுவான்.

குக்ரியும் கிர்பானும்

இனி நம் கடற்படைக்கு வருகிறேன். 1971 டிசம்பர் 9 இரவு. டையூ கடற்கரைக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கியைத் தேடி ஐ.என்.எஸ். குக்ரி, ஐ.என்.எஸ். கிர்பான் என்ற இரு கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. 14ஆம் ஃப்ரிகேட் அணியின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா குக்ரியில் இருந்தார். அவர்கள் தேடிய ஹங்கோர் என்ற நீர்மூழ்கியின் ஒலியுணர் கருவி, நம் கப்பல்களின் கருவியைவிட வெகுதூரம் கேட்கக் கூடியது. குக்ரியிலோ மேம்படுத்திய ஒலியுணர் (சோனார்) கருவி ஒன்று சோதனையில் இருந்தது. அது சரியாக வேலை செய்யக் கப்பல் மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போகும் கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இலக்கு.

டார்பிடோ தாக்கியதும் குக்ரி சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளுமாக 194 பேர் மாண்டார்கள். கேப்டன் முல்லா தம் மிதவை அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, முடிந்தவரை ஆட்களைக் கடலில் குதிக்கச் செய்துவிட்டு, கப்பலோடு போனார் என்பது உயிர் பிழைத்தவர்களின் சாட்சியம். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. டையூவில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

முல்லாவை நாம் வணங்குகிறோம், வணங்கவும் வேண்டும். ஆனால் அந்த வணக்கத்தோடு நம் கேள்வி ஓய்ந்துவிடக் கூடாது. குறைந்த தூரமே கேட்கும் கருவியோடு அந்தக் கப்பல்களை அந்த வேட்டைக்கு அனுப்பியது சரியா என்ற கேள்வி அரை நூற்றாண்டாகக் கடற்படை அதிகாரிகளின் எழுத்துகளில் வந்துகொண்டே இருக்கிறது. இறந்தவரின் தியாகம் பெரியது என்பதால், அனுப்பியவர்களின் கணக்கு தீர்ந்துவிடாது.

கிர்பானின் நிலை இன்னும் கடுமையானது. தோழர்கள் நீரில் தத்தளிக்கிறார்கள். நின்று தூக்கினால் அடுத்த டார்பிடோ தனக்கு. ஹங்கோர் கிர்பானையும் குறிவைத்தது. கிர்பான் அந்த இடத்தைவிட்டு விலகியது. மறுநாள்தான் ஐ.என்.எஸ். கச்சல் முதலிய கப்பல்கள் வந்து பிழைத்தவர்களை மீட்டன. கைவிட்டுப் போய்விட்டார்கள் என்ற கசப்பு பிறகு எழுந்தது. அந்தக் கசப்பு மனித இயல்பு. ஆனால் கிர்பான் தலைவர் எடுத்த முடிவுக்குப் பின்னே ஒரு பழைய படிப்பினை இருந்தது.

1914 செப்டம்பர் 22. அந்த இரவுதான் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியது. அன்று காலை ஐரோப்பாவின் வடகடலில் இன்னொன்று நடந்திருந்தது. ஆபூகீர் என்ற பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. மாலுமிகளைத் தூக்க ஹோக் வந்தது, அதுவும் மூழ்கியது. அதன் பின்னும் கிரெஸ்ஸி நின்று காப்பாற்றியது, அதுவும் மூழ்கியது. 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள். நீர்மூழ்கி இருக்கும் இடத்தில் பெரிய கப்பல் மீட்புக்கு நிற்கக் கூடாது என்று பிரிட்டிஷ் தலைமையகம் விதி செய்ததற்கு இது காரணம்.

ஆக, மாலுமிகளைக் காப்பது என்றால் கண்ணெதிரே தெரியும் மாலுமியை மட்டும் காப்பதில்லை. கிர்பானின் தலைவர் தம் கப்பலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கும் பொறுப்பு. நெஞ்சு ஒன்று சொல்லும், பொறுப்பு வேறொன்று சொல்லும். அந்த இரவில் அவர் எடுத்த முடிவைக் கரையில் உட்கார்ந்து நாம் குறை சொல்வது முறையல்ல.

எதற்காகப் பணயம்?

இங்கே ஓர் எல்லைக்கோடு தெரிகிறது. 1932இல் டேராடூன் ராணுவக் கல்லூரித் தொடக்க விழாவில் ஜெனரல் செட்வுட் பேசியதை இன்றும் நம் அதிகாரிகள் மனத்தில் வைக்கிறார்கள். நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலமும் முதலில், எப்போதும். தன் கீழுள்ள வீரர்களின் மானமும் நலமும் அடுத்து. தன் சொந்த வசதியும் பாதுகாப்பும் கடைசி. அந்த வரிசையைக் கவனியுங்கள். நாடு இருக்கிறது, வீரர்கள் இருக்கிறார்கள், தான் இருக்கிறார். மேலதிகாரியின் மனவருத்தத்துக்கு அதில் இடமே இல்லை. கட்டளை வரிசை நாட்டுக்கு உழைக்க ஏற்பட்ட ஏற்பாடு. அதற்காகவே பணிவு. மேலிடத்துக்குச் சங்கடம் வராமல் இருப்பதற்காக மாலுமியின் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

தியோடர் ரூஸ்வெல்ட்டில் நோய் பரவிய அதே 2020இல் நம் கடற்படைக்கும் கொரோனா வந்தது. ஏப்ரலில் மும்பையின் ஐ.என்.எஸ். ஆங்ரே கரைத்தளத்தில் சுமார் 20 மாலுமிகளுக்குத் தொற்று உறுதியானது. அதற்குப் பிறகும், அடுத்தடுத்த மாதங்களில் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் ஈரானுக்கும் போய், அங்கே சிக்கிக்கொண்ட நம் மக்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த மாலுமிகளுக்கும் ஆபத்து இருந்தது. அவர்கள் அந்த ஆபத்தை ஏற்றதில் ஒரு பயன் இருந்தது. கரை சேர்ந்தவர்களில் நம் மீனவர்கள் இருந்தார்கள். ஆபத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. பயனுள்ள ஆபத்துக்கும் வீணான ஆபத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கப்பல் தலைவர் முதலில் காண்பார், ஏனென்றால் அவர் அங்கே இருக்கிறார். அதை மேலே சொல்ல வேண்டியவரும் அவரே.

மேட்டூருக்குத் தெரிந்த முறையில் சொல்கிறேன். பிலிகுண்டுலுவில் காவிரியின் நீர்வரத்தை ஒருவர் அளந்து சொல்கிறார். அந்த எண் மேலே போகிறது. அதை வைத்துத்தான் 16 கண் மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்று முடிவாகிறது. 2018 ஆகஸ்டில் சுமார் 2 லட்சம் கன அடி வெளியேறியபோது குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நீங்கள் பார்த்தீர்கள். மேலதிகாரி கோபித்துக்கொள்வார் என்று அந்த எண்ணை ஒருவர் குறைத்துச் சொன்னால் என்ன ஆகும்? கப்பல் தலைவர் சொல்லும் உண்மையும் அந்த எண் போன்றதுதான்.

வழி அடைத்தால்

உண்மை மேலே போகும் வழி அடைபட்டால் கட்டுப்பாடு வளரும் என்று நினைப்பவர்கள் 1946 பிப்ரவரியை நினைத்துப் பார்க்க வேண்டும். மும்பையில் ஹெச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற சிக்னல் பயிற்சித் தளம். மாலுமிகள் மோசமான உணவைப் பற்றி முறையிட்டார்கள். அதிகாரி இழிவாகப் பேசுகிறார் என்று முறையிட்டார்கள். முறையீடு எங்கேயும் போய்ச் சேரவில்லை. பிப்ரவரி 18 அன்று அவர்கள் உணவை மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாள்களுக்குள் 78 கப்பல்களுக்கும் 20 கரைத்தளங்களுக்கும் பரவியது. ஏறத்தாழ 20,000 மாலுமிகள் சேர்ந்தார்கள். கராச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மும்பைத் தெருக்களில் மக்கள் இறந்தார்கள். பிப்ரவரி 23 அன்று சர்தார் படேல் முதலிய தலைவர்களின் வேண்டுகோளை ஏற்று மாலுமிகள் சரணடைந்தார்கள். அந்த எழுச்சிக்கு விடுதலை வேட்கை பெரிய காரணம். ஆனால் தீ பற்றிய இடம் சோற்றுத் தட்டு. ஓர் அதிகாரி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டிருந்தால் அன்றைய நாள் வேறாக இருந்திருக்கலாம்.

நேர்மாறான நிகழ்ச்சியும் நம் கடற்படையில் உண்டு. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் ஐ.என்.எஸ். சிந்துரக்‌ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னாவில் ஏற்பட்ட விபத்தில் இரு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றே கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி விபத்துகளுக்கு நெறிமுறைப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்தக் கப்பல்களில் அவர் இல்லை. கட்டளை வரிசையின் உச்சியில் இருந்தார். கட்டளை மேலிருந்து கீழே போகிறது என்றால், பொறுப்பு கீழிருந்து மேலே வர வேண்டும். அதை அவர் செய்து காட்டினார்.

என் தீர்ப்பு

கடைசியாக, எதிர்த் தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கப்பல் தலைவரும் தம் மனசாட்சிப்படி நடந்தால் அது கடற்படையாக இருக்குமா? இருக்காது. படையின்மேல் மக்களாட்சிக்குக் கட்டுப்பாடு வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு, படைவீரர்களின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்று சொல்வதும் இதற்காகவே. தமக்குப் பிடிக்காத கட்டளையை மீறும் தளபதி நாளைக்கு மக்கள் அரசையும் மீறுவார். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

அதனால்தான் நான் மீறலைப் போதிக்கவில்லை. நான் வைக்கும் வரிசை இது. கப்பல் தலைவர் முதலில் தம் அதிகாரத்துக்குள் செய்யக் கூடியதை எல்லாம் செய்ய வேண்டும். அதில் க்ரோஸியர் குறைபட்டார் என்று விசாரணை சொல்கிறது. அடுத்து, உண்மை நிலையை நேராகத் தம் மேலதிகாரிக்கு, எழுத்தில், உரிய ரகசியத்தோடு சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இன்னும் மேலே போக வேண்டும். அதன்பின் வரும் சட்டபூர்வமான கட்டளைக்குப் பணிய வேண்டும். சட்டத்துக்கு மாறான கட்டளைக்கு எந்தக் காலத்திலும் பணியக் கூடாது. இவ்வளவும் செய்தும் வீணான சாவு கண்ணெதிரே தெரிந்தால், பதவியைக் கொடுத்துச் சொல்வதற்கும் அவர் தயாராக இருக்க வேண்டும். க்ரோஸியர் அந்த விலையைக் கொடுத்தார். வழியில் பிழை செய்தார், பொருளில் பிழை செய்யவில்லை. 

மேலே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கடமை. கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவரை, செய்தி மெய்யா என்று பார்க்கும் முன்னே தண்டிக்காதீர்கள். அப்படித் தண்டிக்கும் படையில் பணிவு மிஞ்சும், உண்மை மிஞ்சாது.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளைக்குச் சீருடை அணிவீர்கள். சிலர் அணையிலும் ஆலையிலும் பொறுப்பேற்பீர்கள். உங்களுக்குக் கீழே பத்துப் பேர் இருக்கும் நாளில், அவர்கள் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அன்றே, எழுத்தில், உங்கள் பெயரிட்டு மேலே சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் அப்படி வந்து நிற்கும் நாளில், அவரை உட்காரச் சொல்லி முழுக்கக் கேளுங்கள். இந்த இரண்டையும் இன்றே மனத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.